வாள் 14, வில் 16, மாவுக்கட்டு 1

டிஸ்கி: பகடை, கணக்கு, கர்ணன், கொல்லிமலைன்னு இந்தப் பதிவு எங்கெங்கயோ போகும். கடைசியில ராசிபுரத்துக்கே திரும்பி வந்துடும். பொறுமை இருக்கறவங்க மட்டும் தொடரவும் :-)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் குற்ற உணர்ச்சி, கொஞ்சம் சோம்பேறித்தனம். நேத்து அக்கா பையனோட பழைய நோட்டு ஒண்ணு கையில சிக்குச்சு. சரி, இன்னிக்கு எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல எங்க வீட்டு ஞாயித்துக்கிழமையைப் பத்திச் சொல்லிடறேன். பெங்களூர்ல வேலை பார்த்த காலத்துல ரூம்மேட் ஒருத்தன் மூலமா ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. ரோல்பிளேயிங் கேம். கம்ப்யூட்டர்ல ஆடறது இல்லைங்க, பாய் விரிச்சு உக்காந்து ஆடறது. ஒருத்தர் கதை சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "காட்டு வழியில போயிட்டு இருக்கீங்க, எதிர்ல நாலு பேர் நிக்கறாங்க, என்ன பண்றீங்க?" அப்படின்னு கேப்பார். நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லணும். அது நடக்குதா இல்லையாங்கறதைப் பகடை சொல்லும். நம்மூர் கூத்துல ராஜா பார்ட்டு கட்டறவருக்கு வசனம் எழுதிக் கொடுக்காம, ஒவ்வொரு அடிக்கும் தாயம் உருட்டச் சொன்னா எப்படி இருக்கும்? அதுதான்.

ஊருக்கே திரும்பி வந்தப்புறம் ஆடறதுக்கு ஆள் கிடைக்கல. அக்கா பசங்க ரெண்டு பேரைப் பிடிச்சேன். மூத்தவன் நம்ம மாப்ள, அப்போ பத்தாவது. சின்னது பாப்பா, ஏழாவது. நான் எடுத்துக்கிட்ட விதிப் புத்தகம் பேரு கர்ப்ஸ். (கர்ப்பம் இல்லைங்க, கர்ப்ஸ்!) 1986ல ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. என்கிட்ட இருக்கறது 2004ல வந்த நாலாம் பதிப்பு. அதைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். மத்த விளையாட்டுக்கு இருபது முகம், பன்னெண்டு முகம்னு விசித்திரமான பகடை எல்லாம் வேணும். இதுக்கு சாதாரண லூடோ பகடை மூணு போதும். பேன்சி ஸ்டோர்லயே கிடைச்சுது.

கதை நடக்கற இடம் கொல்லிக் கூற்றம். காலம் சங்க காலம். ராசிபுரத்துக்காரன் வேற எங்க போய்க் கதை சொல்ல? மொட்டை மாடியில நின்னா போதமலை தெரியும், அதுக்கு அந்தாண்ட கொல்லிமலை. ஊர்ல இருக்கற கைலாசநாதர் கோயிலே வல்வில் ஓரி கட்டினதுன்னுதான் சொல்லுவாங்க. மாப்ளயோட பாத்திரம் ஓரியோட படையில ஒரு இளவட்டம். அவனோட தாள்ல பெருசா எழுதியிருந்தான்: வாள் 14, வில் 16.

எழுதி முடிச்சுட்டு அவன் கேட்ட மொதல் கேள்வி இது: "மாமா, 14ன்னா என்ன அர்த்தம்?"

நான் சொன்ன பதில்: "உன்னை அடிக்க இந்த மலையில ஆளே இல்லைன்னு அர்த்தம் மாப்ள."

பதிவு முழுக்க இந்த ஒரு பதிலைப் பத்தித்தான்.

*

விளையாட்டு நல்லாத்தான் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, மலைப்பாதையில மூணு கள்ளர்கள் வழிமறிக்கற கட்டம். மாப்ள தயங்கினான். "ஓடிடலாமா மாமா?"ன்னு கேட்டான். கதை சொல்றவனுக்கு சண்டை நடந்தாத்தானே சுவாரசியம்? "டேய், உனக்கு வாள் 14 இருக்குடா, இறங்கு!"ன்னு ஏத்தி விட்டேன். இறங்கினான். அப்புறம் நான் பண்ணின காரியம்தான் பெரிய தப்பு. கள்ளர்களோட பகடையை உள்ளங்கையில மறைச்சு உருட்டிட்டு, விழுந்த எண்ணைச் சொல்லாம, "தப்பிடுச்சு, தப்பிடுச்சு"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். உண்மையில ரெண்டு மூணு தடவை நல்லாவே பட்டிருக்கணும். பையன் முகம் வாடிடக் கூடாதுங்கற பாசம்தான். மூணு பேரையும் வெட்டிச் சாய்ச்சுட்டு, மாடி முழுக்க ஒரு சுத்து குதிச்சு வந்தான்.

நிஜத்துலயும் அவன் கராத்தே போயிட்டு இருந்தான். பிரவுன் பெல்ட்டு. அதுக்கடுத்து கருப்புதான்.

பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம். டியூஷன் முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்திருக்கான். கூட வந்த பையனை மூணு பேர் மடக்கி வம்பு பண்ணியிருக்கானுங்க. ஏதோ கிரிக்கெட் தகராறு. இவன் நடுவுல போய் நின்னிருக்கான். கராத்தே நிலையில, கை ரெண்டையும் தூக்கிக்கிட்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துட்டு அவன் என்கிட்ட சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "மாமா, மொத அடியைக் கரெக்டா தடுத்தேன். கிளாஸ்ல சொல்லித் தந்த மாதிரியே தடுத்தேன். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல."

ஆனது இதுதான்: பின்னாடி நின்னவன் ஸ்கூல் பேக் வாரைப் பிடிச்சு இழுத்திருக்கான். மல்லாக்க விழுந்தவன் இடது கையை ஊனியிருக்கான். மணிக்கட்டுல எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அக்கா ஒண்ணும் பெருசா திட்டல. "உங்க விளையாட்டுல அவனைப் பெரிய வீரன்னு நீதானே சொல்லி வச்சிருக்க?" அவ்வளவுதான் கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம விதிப் புத்தகத்தை எடுத்து மறுபடி படிச்சேன். 14ன்னா என்ன அர்த்தம்னு அப்போதான் முதல் தடவையா ஒழுங்காப் பார்த்தேன்.

*

கணக்குன்னா ஓடிடாதீங்க, சின்னதுதான்.

மூணு பகடை உருட்டினா மொத்தம் 216 விதமா விழலாம். உங்க திறமை எண்ணோ அதுக்குக் கீழயோ விழுந்தா காரியம் பலிச்சுது. 10ன்னா சரிபாதி, அதாவது 100க்கு 50. 12ன்னா 74. 14ன்னா கிட்டத்தட்ட 91. 16ன்னா 98. இந்த இடத்துலயே ஒரு விஷயம் கவனிங்க. 10லிருந்து 12க்குப் போனா 24 கூடுது, 14லிருந்து 16க்குப் போனா 7தான் கூடுது. எண்ணுல ரெண்டும் ரெண்டு படிதான், பலன் ஒண்ணு இல்ல. மேல போகப் போக, ரொம்பக் கஷ்டமான நேரத்துலதான் கூடுதல் படி உதவும்.

"91ன்னா நல்லாத்தானே இருக்கு, ஆளே இல்லைன்னு சொன்னதுல என்ன தப்பு?"ன்னு தோணும். அந்த 91 என்கிறது அடி குறி தவறாம போறதுக்கான கணக்கு மட்டும்தான். எதிர்ல நிக்கறவன் மரம் இல்லையே, தடுப்பான். தடுக்கற எண் எப்படி வரும்னா, திறமையில பாதி, கூட ஒரு மூணு. எதிரியும் வாள் 14ன்னா அவன் தடுப்பு 10. பாதி அடியைத் தடுத்துடுவான். அப்போ நம்ம மாப்ளயோட 91 என்னாச்சு? 45. சொச்சம் விசேஷ விதி எல்லாம் விட்டுட்டுச் சொல்றேன். அதே மாப்ள, வாள் பிடிக்கவே தெரியாத ஒரு 8 கூட மோதினா 76. ஆள் மாறல, வாள் மாறல, எண் மாறல. எதிரி மாறினதும் பலன் மாறிடுச்சு.

செஸ் ஆடறவங்களுக்கு இது புதுசு இல்ல. 1970ல ஃபிடே ஏத்துக்கிட்ட ஈலோ ரேட்டிங்ல தனி எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். 200 புள்ளி கூட இருக்கறவர் 100 ஆட்டத்துல சுமாரா 76 புள்ளி எடுப்பார்னு கணக்கு. மிச்சம் 24 கீழ இருக்கறவருக்குத்தான் போகும்.

இப்போ அந்த மூணு கள்ளர் கட்டத்துக்கு வாங்க. நாலாம் பதிப்பு விதிப்படி, ஒரே வாளால ஒரே சுத்துல ரெண்டாவது தடவை தடுக்கறப்போ 4 கழியும், மூணாவது தடவைக்கு இன்னொரு 4. மாப்ளயோட தடுப்பு 10. மொத ஆளுக்கு 10: பாதிக்குப் பாதி. ரெண்டாவது ஆளுக்கு 6: நூத்துக்கு 9. மூணாவது ஆளுக்கு 2, மூணோ நாலோ விழுந்தா மட்டும் அதிர்ஷ்டத்துல தப்பலாம்: நூத்துக்கு ரெண்டு கூட இல்ல. மூணு அடியும் குறி தவறாம வந்து, மூணையும் வாளாலயே தடுத்துத் தப்பிக்கறதுக்கு ஆயிரத்துல ஒரு வாய்ப்பு. (விலகி ஓடறதுக்குத் தனி விதி இருக்கு. அதைத்தான் பையன் மொதல்லயே கேட்டான்!) பின்னாடி இருந்து, தெரியாம வர்ற அடிக்குத் தடுப்பே கிடையாது. பூஜ்யம்.

படிச்சுட்டு புத்தகத்தை மூடி வச்சுட்டேன். பஸ் ஸ்டாண்டுல என்ன நடந்துச்சோ அது அந்தப் பக்கத்துல வரிக்கு வரி இருந்துச்சு. மொத அடியைக் கரெக்டா தடுத்தான். ரெண்டாவது பின்னாடி இருந்து வந்துச்சு. விளையாட்டு பொய் சொல்லல. பகடையை மறைச்ச நான்தான் பொய் சொன்னேன்.

இன்னொண்ணும் அதே புத்தகத்துல இருக்கு. இந்த எண் எல்லாம் உயிர் போற அவசரத்துல, எதிரி சும்மா விடாத நேரத்துல எப்படிச் செய்வோம்கற கணக்கு. அவசரம் இல்லாத சாதாரண வேலைக்கு 4, 5ன்னு கூட்டிக்கலாம். நிஜ சண்டையில 11 உள்ள ஆள், கிளாஸ்ல நிதானமா செய்யறப்போ 15 மாதிரி தெரிவான். 11க்கு 100ல 62 தடவை பலிக்கும், 15க்கு 95. நம்ம கண்ணுக்குத் தெரியறது அந்த 95தான். பெல்ட் டெஸ்ட்ல பார்க்கறதும் பெரும்பாலும் அதைத்தான். அதுல பொய் எதுவும் கிடையாது. எந்த இடத்துல அளந்த எண்ணுங்கறதை மட்டும் நாம மறந்துடறோம்.

பெல்ட்டைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். ஜப்பான்ல ஜூடோவை ஆரம்பிச்ச ஜிகோரோ கானோ 1880கள்ல 'டான்'ங்கற படிமுறையைக் கொண்டு வந்தார். கோ ஆட்டத்துல ஆட்டக்காரங்களைத் தரம் பிரிக்க ஏற்கெனவே இருந்த முறை அது. கருப்பு பெல்ட்டோட மொதல் படிக்குப் பேரு ஷோடான். ஷோன்னா ஆரம்பம். நாம சினிமா பார்த்துட்டு கருப்பு பெல்ட்டுன்னா கரை கண்டவன்னு நினைச்சுக்கிட்டோம். வச்சவங்க நினைச்சது, 'அடிப்படை முடிஞ்சுது, இனிமே பாடம் ஆரம்பம்'.

*

இந்த எண்ணை எப்படிப் படிக்கணும்கறதுல விளையாட்டு கண்டுபிடிச்சவங்களே ஆரம்பத்துல வேற மாதிரிதான் யோசிச்சிருக்காங்க. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு ஆதி. அதுல சண்டைக்காரனுக்கு நாலாவது லெவல் வந்தா 'ஹீரோ'ன்னு பட்டம், எட்டாவதுல 'சூப்பர்ஹீரோ'. அதுக்கு முந்தி 1971ல வந்த செயின்மெயில்ங்கற போர் விளையாட்டுல ஹீரோ ஒருத்தன் நாலு ஆளுக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டு ஆளுக்குச் சமம். லெவல்னா எத்தனை பேருக்குச் சமம்கற கணக்கு!

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நமக்கு ஆயிரக்கணக்கான வருசமா தெரிஞ்ச கணக்காச்சே! ரதர், அதிரதர், மகாரதர். பாரதத்துல உத்யோக பர்வத்துல பீஷ்மர் உக்காந்து ரெண்டு பக்கத்து வீரர்களுக்கும் லெவல் போடுவார். இவன் ரதன், அவன் அதிரதன், இவன் மகாரதன்னு. சேனாதிபதி போடற கேரக்டர் ஷீட்டு!

கர்ணன் பேர் வந்ததும் என்ன சொல்வார் தெரியுமா? அர்த்தரதன். அரை ரதன்தான்.

கர்ணன் கொதிச்சுப் போயிடுவான். கிழவன் சாயற வரைக்கும் வில்லைத் தொட மாட்டேன்னுட்டுப் போயிடுவான். சின்ன வயசுல பண்டிகைக்கு விடிய விடிய கூத்து பார்க்கறப்போ எல்லாம் நான் கர்ணன் கட்சிதான். கர்ண மோட்சம் பார்த்துட்டு அழாதவன் நம்ம பக்கத்துல உண்டா? பீஷ்மருக்குப் பொறாமை, ஓரவஞ்சனைன்னுதான் ரொம்ப வருசம் நினைச்சிட்டு இருந்தேன். இப்போ மறுபடி படிச்சா பீஷ்மர் காரணம் சொல்றார். கவச குண்டலம் போயிடுச்சு. பரசுராமர் சாபம் இருக்கு. போதாததுக்குக் கவனக்குறைவு, வாய்ப்பேச்சு. அவர் போட்டது கர்ணனோட வில்வித்தைக்கான மார்க் இல்ல. இந்தப் போர்ல, இந்த நிலைமையில இவன் எவ்வளவு தாங்குவான்கற கணக்கு. கடைசியில நடந்தது என்ன? கர்ணனோட குறி தப்பல. தேர்ச்சக்கரம் மண்ணுல புதைஞ்சுது, வேணுங்கற நேரத்துல மந்திரம் மறந்துச்சு.

பீஷ்மர் பேசின முறை சரியில்ல, சேனைக்கு நடுவுல ஒருத்தனை அப்படி அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். ஆனா எண்ணை எப்படிப் படிக்கணும்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

*

இனி நம்மூர் ஆளுக்கு வருவோம்.

ஓரிக்கு ஏன் 'வல்வில்'னு பேர் வந்துச்சுன்னு நாமக்கல் மாவட்டத்துல பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். புறநானூறு 152, வன்பரணர் பாட்டு. ஒரே அம்பு. யானையைச் சாய்ச்சு, புலியைத் துளைச்சு, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, கடைசியில புத்துல கிடந்த உடும்புல போய்த் தைக்குது. எய்தவன் யாருன்னே தெரியாம பாணர்கள் கூட்டம் ஓரியைப் புகழ்ந்து பாட, வேட்டைக்காரனா எதிர்ல நிக்கறவனே ஓரிதான்! தன் பேரைக் கேட்டு வெக்கப்பட்டுத் தலை குனிஞ்சு நிக்கறான். அப்புறம் கறியும் பொன்னும் கொடுத்து அனுப்பறான். (எனக்கு அம்பை விட அந்த வெக்கம்தான் பிடிக்கும்.)

மாப்ளக்கு வில் 16 வேணும்னு தோணினது இந்தப் பாட்டாலதான். அவனைப் பொறுத்தவரை 16ன்னா ஒரு அம்புல அஞ்சு மிருகம். ஆனா விதிப்படி 16 என்ன சொல்லுது? ஒரு ஆள் 20 கஜ தூரத்துல நின்னா தூரத்துக்கு 6 கழியும். நின்னு குறி பார்க்க நேரம் இல்லைன்னா மிச்சம் 10. பாதிக்குப் பாதி. அஞ்சு மிருகம் எல்லாம் பகடையில மூணு ஒண்ணு சேர்ந்து விழற நாள்ல நடக்கறது. 216ல ஒரு தடவை. பாட்டு அந்த ஒரு தடவையைத்தான் பாடும். 215 தடவையைப் பாடினா பரிசில் கிடைக்குமா?

இன்னிக்கு வில்வித்தையில திறமையை எப்படி அளக்கறாங்கன்னு பாருங்க. ஒலிம்பிக்ல 70 மீட்டர் தூரம். இலக்கு 122 சென்டிமீட்டர் அகலம், நடுவுல 10 புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். முதல் நாள் தரவரிசைச் சுற்றுல ஒவ்வொருத்தரும் 72 அம்பு விடணும். முழு மதிப்பெண் 720. 2024 பாரிஸ்ல தென் கொரியாவோட லிம் சி ஹியோன் எடுத்த 694 அப்போ உலக சாதனை. அம்புக்கு சராசரி 9.64. ஒரு அம்பு நடுவுல பட்டதை வச்சு யாரும் அந்தப் பொண்ணுக்குப் பட்டம் தரல. எழுபத்திரண்டும் எவ்வளவு நெருக்கமா விழுந்துச்சுன்னு பார்த்தாங்க. அதே ஒலிம்பிக்ல தங்கமும் வாங்கினாங்க. அதனால எண்ணே வெத்து வேட்டுன்னு நான் சொல்ல வரல. ஒழுங்கா அளந்து, ஒழுங்காப் படிச்சா எண் உண்மையைத்தான் சொல்லும். நம்மளோட சிறந்த நாளைச் சொல்லாது. சாதாரண நாளைச் சொல்லும்.

ஓரி கதையோட மிச்சத்தையும் சொல்லணும். பாடப் புத்தகத்துல அஞ்சு மிருகத்தோட நிறுத்திடுவாங்க. அந்த வல்வில் ஓரி போர்ல செத்துப் போனான். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்னு, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான்னு அகநானூறு சொல்லுது. ரெண்டு பேருமே கடையெழு வள்ளல்கள் பட்டியல்ல இருக்கறவங்க. ரெண்டு பேரோட குதிரைக்கும் அவங்கவங்க பேரேதான். வில்லுல ஓரியை மிஞ்ச ஆள் இல்ல. அது காரிக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். ஆனா காரிக்குப் பின்னாடி சேரன் இருந்தான். அது ஓரியோட வில் எண்ணுல எங்கயும் எழுதியிருக்காது.

வருசா வருசம் ஆடி 17, 18ல செம்மேட்டுல ஓரி விழா அரசு விழாவா நடக்கும். மாவுக்கட்டு பிரிச்ச அந்த வருசம் மாப்ளயைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு, பையன் ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். மேல ஓரி சிலைக்குக் கீழ நின்னப்போதான் இந்தக் கதையோட முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அப்போ ஓரிக்கு வில் எத்தனை மாமா?"ன்னு கேட்டான்.

"16 இருக்கும் மாப்ள. 18 கூட இருக்கலாம்."

"அப்போ எண் தப்பில்ல."

"எண் தப்பில்ல. நான் சொன்ன அர்த்தம்தான் தப்பு."

மலையில காத்து பலமா அடிச்சுது. பகடையை மறைச்ச விஷயத்தையும் அப்பவே சொல்லிட்டேன். "தெரியும் மாமா"ன்னான். "மூணு பேரும் ஒரு அடி கூடவா அடிக்க மாட்டானுங்க? எனக்கு அப்பவே டவுட்டு." தெரிஞ்சே சந்தோஷமா குதிச்சிருக்கான். அதுக்கப்புறமும் பஸ் ஸ்டாண்டுல இறங்கியிருக்கான். ஏன்னு நான் கேட்டேன். "என் ஃபிரண்டை அடிச்சுட்டு இருந்தானுங்க, என்ன பண்றது?"ன்னான்.

அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. எண்ணைத் தப்பாப் படிச்சுத்தான் இறங்கினான்னு நான் அவ்வளவு நாளா நினைச்சிட்டு இருந்தேன். அது பாதிதான். மிச்சப் பாதி அவன் குணம். அதுக்கு எந்தத் தாள்லயும் எண் கிடையாது. எண் தெரிஞ்சிருந்தா இறங்காம இருந்திருப்பானான்னு தெரியல. முதுகைச் சுவர்ப் பக்கம் வச்சுக்கிட்டு நின்னிருப்பான், பையைக் கழட்டி வச்சிருப்பான், நாலு பெரியவங்களைக் கத்திக் கூப்பிட்டிருப்பான். அதுக்குத்தாங்க எண்ணை ஒழுங்காப் படிக்கணும்கறேன். பயப்படறதுக்காக இல்ல.

*

அதுக்கப்புறம் எங்க வீட்டு விளையாட்டுல ரெண்டு விதி மாத்தினோம். ஒண்ணு, எல்லாப் பகடையும் எல்லார் கண்ணு முன்னாடியும்தான் உருளும். கதை சொல்றவன் கை மறைக்கக் கூடாது. விழுந்தது விழுந்ததுதான். ரெண்டு, திறமை எண் பக்கத்துல அது எந்த நிலைமைக்கான எண்ணுன்னும் எழுதணும்.

நேத்து கையில சிக்கின நோட்டுன்னு சொன்னேனே, அதுல அந்தப் பழைய தாள் இருந்துச்சு. 'வாள் 14'க்குப் பக்கத்துல பென்சில்ல அவன் கையெழுத்து: ஒருத்தன், எதிர்ல, பகல்ல.

மாப்ள இப்போ காலேஜ்ல சேர்ந்துட்டான். கருப்பு பெல்ட்டும் வாங்கிட்டான். வாங்கின அன்னிக்கு போன் பண்ணி, "மாமா, ஆரம்பம் ஆயிடுச்சு"ன்னான். எனக்குப் புரிஞ்சுது.

கடைசியா ஒண்ணு. கொல்லிமலையிலிருந்து இறங்கின அடுத்த ஞாயித்துக்கிழமை, அதே பாதையில அதே மாதிரி மூணு கள்ளர்களை மறுபடி நிறுத்தினேன். மாப்ள தாளைப் பார்த்தான். கணக்குப் போட்டான். பாப்பா அவன் காதுல ஏதோ சொல்லிச்சு. "பேசிப் பார்க்கறோம் மாமா"ன்னான். பேச்சுத் திறமை 9தான் வச்சிருந்தான், நூத்துக்கு 37. உருட்டினான். 13 விழுந்துச்சு.

ஓடிட்டாங்க. மூணு பேர் துரத்த, மலைச்சரிவுல விழுந்து எழுந்து, பாப்பாவோட பாத்திரம் செருப்பைத் தொலைச்சு, ஓடையில இறங்கித் தப்பிச்சாங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. இத்தனை வருசத்துல நாங்க ஆடினதுலயே அதுதான் நல்ல ஆட்டம்னு ரெண்டு பேரும் இன்னிக்கும் சொல்றாங்க.